அம்பகரத்தூர் எல்லையும் அமெரிக்கப் போரும்

காரைக்காலிலிருந்து மேற்கே திருநள்ளாற்றைக் கடந்து செல்லும் சாலையில், பத்ரகாளியம்மன் கோயிலால் பெயர்பெற்ற அம்பகரத்தூர் இருக்கிறது. ஊரைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. மண் மாறுவதில்லை. காவிரியின் கிளைகள் இரு பக்கத்து வயல்களுக்கும் பாய்கின்றன. உறவுமுறையும் குலதெய்வமும் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. ஆனாலும் இந்தக் கோட்டின் ஒரு பக்கத்துக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சு அரசுக்கு வரி செலுத்தினார்கள். மறுபக்கத்தார் முதலில் தஞ்சை மராட்டிய மன்னருக்கும் பிறகு ஆங்கிலேயருக்கும் செலுத்தினார்கள்.

இப்படி ஓர் எல்லை எப்படி வந்தது என்று தேடினால், விடையின் ஒரு பகுதி காவிரிப் படுகையில் கிடைக்காது. 1783 செப்டம்பர் 3 அன்று பிரான்சின் வெர்சாய் நகரில் பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்ட சமாதான உடன்படிக்கையில் அது இருக்கிறது. அமெரிக்க விடுதலையை பிரிட்டன் ஒப்புக்கொண்ட உடன்படிக்கை பாரிசில் கையெழுத்தானதும் அதே நாளில்தான். புதுச்சேரியையும் காரைக்காலையும் பிரான்சுக்குத் திருப்பித் தருவதாக வெர்சாயில் பிரிட்டன் எழுதிக்கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. புதுச்சேரியைச் சுற்றி வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளையும், காரைக்காலைச் சுற்றி அதை ஒட்டிய நான்கு மாகாணங்களையும் பெற்றுத் தருவதாகவும் உறுதி சொன்னது. மாகாணம் என்பது இங்கே இன்றைய பொருளில் அல்ல. தஞ்சைச் சீமை நிர்வாகத்தில் சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவுக்கு அந்தப் பெயர்.

வட அமெரிக்காவில் பதின்மூன்று குடியேற்றங்கள் கிளப்பிய போரின் முடிவுக் கணக்கில் காரைக்காலின் நான்கு மாகாணங்கள் ஏன் வந்தன? போரில் தோற்றுப் புதுச்சேரி, காரைக்கால், மாகே மூன்றையும் பறிகொடுத்த பிரான்சு, அதைவிடக் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு எழுந்தது எப்படி? கூட்டணி ஒன்று ஒரு போரின் போக்கை எவ்வாறு திருப்புகிறது, எந்த இடத்தில் திருப்ப முடியாமல் போகிறது, அதன் செலவை யார் தலையில் இறக்கிவைக்கிறது என்ற மூன்றையும் இந்தக் கடற்கரையில் வைத்தே பார்க்க முடியும். போரின் வரலாறுகளில் பெரும்பாலானவை முதலாவதைப் பற்றியே பேசுகின்றன. மூன்றாவதுதான் நமக்கு நெருக்கமானது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1739 பிப்ரவரியில் புதுச்சேரி ஆளுநர் துய்மா, தஞ்சை அரியணைப் பூசலைப் பயன்படுத்திக் காரைக்காலைப் பெற்றார். மன்னர் சாகுஜி கொடுத்த வாக்கில் தயங்கியபோது, ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபின் படை தலையிட்டுக் கோட்டையைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தது. பின்வந்த தஞ்சை மன்னர் பிரதாப சிங் காலத்தில் மேலும் ஊர்கள் சேர்ந்தன. ஏழாண்டுப் போரின்போது, 1760 ஏப்ரலில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுக் காரைக்காலைப் பிடித்தார்கள். அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்து தரைமட்டமானது. 1763 பாரிசு உடன்படிக்கையில் இவை பிரான்சுக்குத் திரும்பின. ஆனால் படைபலம் திரும்பவில்லை. அந்தப் போரில் பிரான்சு ஐரோப்பியத் தரைப்போரில் சிக்கிக்கொண்டிருக்க, பிரிட்டன் கடலை முழுதாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த போரில் இந்தக் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே பிரெஞ்சு அமைச்சர்களின் பதினைந்தாண்டு எண்ணமாக இருந்தது.

அந்த வாய்ப்பை அமெரிக்கா தந்தது. 1777 அக்டோபரில் சரட்டோகாவில் ஓர் ஆங்கிலப் படை முழுதாகச் சரணடைந்தது. 1778 பிப்ரவரி 6 அன்று பிரான்சும் அமெரிக்கரும் நட்புறவு உடன்படிக்கையும் படைக்கூட்டு உடன்படிக்கையும் செய்துகொண்டார்கள். 1779-இல் ஸ்பெயின் போரில் இறங்கியது. 1780 டிசம்பரில் பிரிட்டனே டச்சுக்காரர்மீது போர் அறிவித்தது. உள்நாட்டுக் கலகமாகத் தொடங்கிய ஒன்று சில ஆண்டுகளுக்குள் உலகப் போராகிவிட்டது.

கூட்டணியின் முதல் விளைவு நம் கரையில் கூட்டாளிக்கே கேடாக முடிந்தது. போர்ச் செய்தி பிரெஞ்சுக்காரரைவிட ஆங்கிலேயருக்கு வேகமாக வேலை செய்தது. 1778 ஜூலையில் வங்கத்தில் சந்திரநாகூர் பறிபோனது. காரைக்காலும் மசூலிப்பட்டினமும் அதே ஆண்டில் ஆங்கிலேயர் கைக்குப் போயின. ஆகஸ்டில் ஆங்கிலத் தளபதி மன்றோவின் படை புதுச்சேரியைச் சூழ்ந்தது. கடலில் வெர்னனின் ஆங்கிலக் கப்பல்களோடு ஒருமுறை மோதிய பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் திரோன்ழோலி, கோட்டைக்குத் துணை நிற்காமல் மொரிசியசுக்குப் பாய் விரித்துவிட்டார். ஆளுநர் பெல்கோம் அக்டோபர் நடுப்பகுதி வரை தாங்கிவிட்டுச் சரணடைந்தார். இந்தக் காலத்தைப் புதுச்சேரியில் இருந்தே பதிந்த, 1778 முதல் 1792 வரையிலான இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு தமிழில் அச்சாகியிருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஐரோப்பியத் தளபதிகளின் கடிதங்களை மட்டும் வைத்து இந்தக் காலத்தை எழுதுகிறவர்கள், நம் மொழியில் நம் ஆள் எழுதிவைத்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் போவது எனக்கு ஆறாத வருத்தம்.

1779 மார்ச்சில் மாகே விழுந்தது. அது மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் பாதுகாப்பில் இருந்த துறை. அவருக்குப் படைக்கலங்கள் வந்த வழி. ஆங்கிலேயர்மேல் அவருக்கு ஏற்கெனவே இருந்த கோபம் இத்துடன் போராக மாறியது. பூனாவில் மராட்டிய அமைச்சர் நானா பட்னவீசு, ஐதராபாத் நிஜாம், மைசூர் ஹைதர் மூவரும் ஆங்கிலேயருக்கு எதிராகச் சேர்ந்த அபூர்வமான தருணம் அது. 1780 ஜூலையில் ஏறக்குறைய எண்பதாயிரம் பேருடன் ஹைதர் ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படையை முற்றாக முறியடித்தார். சென்னைக் கோட்டை நடுங்கியது.

இந்தச் செய்தி அமெரிக்கா வரை போனதற்கு ஒரு சான்று உண்டு. பென்சில்வேனியா மாநிலம் 1782-இல் தன் வணிகக் கப்பல்களைக் காக்க ஒரு போர்க்கப்பலை ஆயத்தம் செய்தபோது, அதன் பெயர் ‘ஹைதர் அலி’. அந்த ஆண்டு ஏப்ரலில் டெலவேர் வளைகுடாவில் ‘ஜெனரல் மங்க்’ என்ற ஆங்கிலக் கப்பலை அது பிடித்தது. ஹைதரும் அமெரிக்கரும் தங்களுக்குள் எந்தத் தாளிலும் கையெழுத்திட்டதில்லை. பொது எதிரி ஒருவன் போதுமானதாக இருந்தது.

உலகப் போரில் கூட்டணி செய்யும் முதல் வேலை எதிரியைப் பிரித்து நிறுத்துவது. பிரிட்டனின் கப்பற்படை எந்தத் தனி நாட்டின் படையையும்விடப் பெரியது. ஆனால் 1779-க்குப் பிறகு அது ஆங்கிலக் கால்வாயைக் காக்க வேண்டும், ஸ்பெயின் முற்றுகையில் இருந்த ஜிப்ரால்டருக்கு உணவு அனுப்ப வேண்டும், மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைத் தோட்டங்களை விடக் கூடாது, நியூயார்க்கில் நிற்க வேண்டும், சென்னைக்கும் வர வேண்டும். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் ஏதாவது ஓரிடத்தில் எண்ணிக்கை குறையும். அந்த இடத்துக்கு அந்த நேரத்தில் கூட்டாளிகள் வந்து சேர்ந்தால் போர் திரும்பும். இந்த விதி இரண்டு கடற்கரைகளில் ஒரே ஆண்டில் சோதிக்கப்பட்டது.

முதல் சோதனை நம் கரையில் நடந்தது. 1781 பிப்ரவரி தொடக்கம். ஆங்கிலத் தளபதி அயர் கூட் தன் படையோடு கடலூரில் இருந்தார். தரைப் பக்கம் ஹைதர் சூழ்ந்து நின்றார். சோறு கடல் வழியாகத்தான் வர வேண்டும். அந்த நேரத்தில் தோர்வ் என்பவர் தலைமையில் பிரெஞ்சுக் கப்பற்படை கடலூருக்கு வெளியே வந்து நின்றது. எதிர்க்க ஆங்கிலப் போர்க்கப்பல்கள் இல்லை. ஆங்கிலக் கப்பற்படைத் தலைவர் ஹியூசின் படை மேற்குக் கரையில் இருந்தது. தென்னிந்தியாவில் ஆங்கிலேயரிடம் இருந்த ஒரே பெரிய படை பட்டினியின் வாசலில் நின்றது. இன்னும் சில வாரம் நில்லுங்கள் என்று ஹைதர் வேண்டினார். வேண்டிய உணவும் பணமும் தருவதாகச் சொன்னார். தோர்வ் ஒப்பவில்லை. தண்ணீரும் பொருள்களும் குறைகின்றன என்றும், தனக்கு இட்ட கட்டளை வேறு என்றும் கருதினார். பிப்ரவரி 15 அன்று மொரிசியசுக்குப் புறப்பட்டார். அயர் கூட் படைக்கு அரிசி வந்து சேர்ந்தது. ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் அதே கூட், ஹைதரைத் தோற்கடித்தார்.

இரண்டாவது சோதனை அமெரிக்கக் கரையில், ஏழு மாதம் கழித்து. ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிசு தன் படையோடு யார்க்டவுனில் கடலை முதுகில் வைத்து நின்றார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் த கிராஸ் தன் கப்பற்படை முழுவதையும் கொண்டுவந்தார். செப்டம்பர் 5 அன்று செசபீக் வளைகுடா வாயிலில் ஆங்கிலக் கப்பல்களை எதிர்த்துப் பின்வாங்க வைத்துவிட்டு, அங்கேயே நின்றார். அவருக்கும் வேறு கட்டளைகள் இருந்தன. திரும்பிப் போக வேண்டிய நாள் குறித்திருந்தது. அமெரிக்கத் தளபதி வாஷிங்டன் வேண்டினார், அவர் தங்கினார். அக்டோபர் 19 அன்று கார்ன்வாலிசின் படை சரணடைந்தது. போரின் முடிவு அன்றே எழுதப்பட்டுவிட்டது. அதே கார்ன்வாலிசு 1786-இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து, பிறகு ஹைதரின் மகன் திப்புவோடு போரிட்டார் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

கடலூரையும் யார்க்டவுனையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் பாடநூல்களில் இல்லை. நான் அவற்றை ஒரே நிகழ்வின் இரு வடிவங்களாகவே பார்க்கிறேன். இரு இடத்திலும் எதிரியின் தலைமைப் படை கடற்கரையில் சிக்கியிருந்தது. இரு இடத்திலும் தரையில் ஒரு கூட்டாளி பிடியை இறுக்கினார். கப்பல்கள் காத்திருந்தனவா என்பது ஒன்றே வேறுபாடு. வாஷிங்டனுக்கு ரோஷாம்போ என்ற பிரெஞ்சுத் தளபதி பக்கத்தில் இருந்தார். இரு படைகளும் ஒன்றாக நடந்து, ஒன்றாகத் திட்டமிட்டன. ஹைதரிடம் பிரெஞ்சு வீரர் சிலர் கூலிக்கு இருந்தார்கள், பிரெஞ்சு அரசு இல்லை. கடலூரில் நின்ற தோர்வுக்கு, கரையில் நிற்பவர் கூட்டாளி என்ற உணர்வே வரவில்லை.

இன்னொரு காரணம் இந்தக் கடலின் இயல்பு. சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க ஓர் இயற்கைத் துறைமுகம் கிடையாது. சென்னை, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் எல்லாமே திறந்த கடலில் நங்கூரம் போட்டு, படகில் சரக்கு இறக்கும் இடங்கள். காரைக்காலின் அரசலாற்று முகத்துவாரத்தில் தோணிகள் நுழையும். எழுபத்துநான்கு பீரங்கிக் கப்பல் நுழையாது. ஐப்பசியில் வாடைக் காற்று எழுந்துவிட்டால் எவரும் இந்தக் கரையில் நிற்க முடியாது. ஆங்கிலேயருக்குப் பம்பாயில் கப்பல் பழுது பார்க்கும் துறை இருந்தது. பிரெஞ்சுக்காரருக்கு மொரிசியசு, நடுக்கடலில் பல வாரப் பயணத் தொலைவில். திருகோணமலை யாரிடம் இருக்கிறதோ அவருக்கே இந்தக் கடல் என்ற உண்மையை இரு தரப்பும் அறிந்திருந்தார்கள். அது டச்சுக்காரரிடம் இருந்தது.

டச்சுக்காரர் கூட்டணிக்குள் வந்தது அவர்களுக்கே பேரிழப்பானது. அன்று தரங்கம்பாடி டேனிஷ்காரரிடம் இருந்தது. அதற்குத் தெற்கே காரைக்கால், அதற்கும் தெற்கே டச்சு நாகப்பட்டினம். இந்த மூன்று கொடிகளையும் ஒரு நாள் நடையில் பார்த்துவிடலாம். போரில் சேராத தரங்கம்பாடி வணிகத்தில் கொழித்தது. நாகப்பட்டினம் ஹைதரோடு உடன்படிக்கை செய்துகொண்டு அவருடைய வீரர்களைக் கோட்டைக்குள் வைத்துக்கொண்டது. மன்றோவும் ஹியூசும் தரையிலும் கடலிலும் சூழ, மூன்று வாரத்தில், 1781 நவம்பர் 12 அளவில் கோட்டை விழுந்தது. 1782 ஜனவரியில் திருகோணமலையும் ஆங்கிலேயர் வசமானது.

இதற்கிடையில் எதிர்க் கூட்டணியை உடைக்கும் வேலையை ஆங்கிலத் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்சு கல்கத்தாவிலிருந்து செய்துகொண்டிருந்தார். நிஜாமைச் சமாதானப்படுத்தி விலக்கினார். நாகபுரி மராட்டியத் தலைவர் போன்சுலேவுக்குப் பணம் போனது. 1782 மே மாதம் சால்பாயில் மராட்டியரோடு உடன்பாடு முடிந்தது. மூவர் சேர்ந்து தொடங்கிய போரில் ஹைதர் தனியே நின்றார். பிரான்சு சேர்ந்து நின்ற அமெரிக்காவில் கூட்டணி வலுத்தபோது, இங்கே இந்திய அரசுகளின் கூட்டணி ஒவ்வொரு கண்ணியாகக் கழன்றது. ஹேஸ்டிங்சின் திறமையை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கண்ணிகள் அவ்வளவு எளிதில் கழன்றதற்கு, ஒருவரையொருவர் ஆங்கிலேயரைவிட அதிகமாக அஞ்சிய நம் அரசர்களும் பொறுப்பு.

இந்த வெற்றி தோல்விகளுக்கு நடுவில் தஞ்சைச் சீமை கிடந்தது. 1773-இல் ஆற்காட்டு நவாபு ஆங்கிலேயர் துணையோடு தஞ்சையைப் பிடித்து மூன்றாண்டுகள் கறந்திருந்தார். 1776-இல்தான் துளஜா மன்னர் மீண்டும் அரியணை ஏறினார். அந்தக் காயம் ஆறுமுன் 1781-இல் ஹைதரின் குதிரைப்படை கொள்ளிடத்தைத் தாண்டி வந்தது. தஞ்சைக் கோட்டை தவிர நாடு முழுவதும் சில மாதங்கள் அவர் கையில் இருந்தது. ஆடுமாடுகளை ஓட்டிச் சென்றார்கள், ஊர்களை எரித்தார்கள், இளையோரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆங்கிலேயருக்கு ஒரு மணி நெல்லும் கிடைக்கக் கூடாது என்பது போர்த்தந்திரம். அந்த நெல்லை விளைவித்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. ‘ஐதர் கலாபம்’ என்ற பெயரில் இந்தப் படுகை அதை நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தது.

ஹைதரை ஆங்கிலேயருக்கு எதிராக நின்ற வீரராக மட்டும் போற்றும் எழுத்துகளை நான் மதிக்கிறேன். அவர் வீரம் உண்மை. ஆனால் தஞ்சைப் படுகையில் நின்று அதை எழுத வேண்டுமானால் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிட முடியாது. எதிர்த் தரப்பும் குறைந்ததில்லை. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலப் படையும் மன்னரின் ஆட்களும், முன்பு நெல்லை வாங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் விட்டிருந்தார்கள். அதனால் முற்றுகைக் காலத்தில் மாடு வைத்திருந்த குடியானவர் எவரும் தானியம் கொண்டுவர முன்வரவில்லை. கோட்டைக்குள் பஞ்சம். காலையில் தெருவில் பிணங்கள் குவிந்து கிடந்ததைத் தஞ்சையில் இருந்த ஜெர்மன் சமயத்தொண்டர் சுவார்ட்ஸ் எழுதியிருக்கிறார். விலை நான் தருகிறேன் என்று அவர் தம் பெயரில் உறுதி சொன்ன பிறகே மாடுகள் வந்தன. சில நாளில் 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. ஒரு கலம் பன்னிரண்டு மரக்கால் என்று அறிந்தவர்களுக்கு அந்த அளவு புரியும். எரிந்துபோன நாட்டிலும் அவ்வளவு தானியம் எங்கோ ஒளிந்திருந்தது. அரசுகளின் சொல்லுக்கு மதிப்பு இல்லாததால் அது வெளியே வரவில்லை.

சென்னையிலும் நிலை மோசம். 1782-இல் அங்கே திறந்த கஞ்சித் தொட்டிதான் பிறகு மணியக்காரர் சத்திரமானது. ராயபுரம் பக்கம் இன்றும் அதன் தொடர்ச்சி உண்டு. 1785 பிப்ரவரியில் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க், நவாபின் கடன் பற்றிப் பேசும்போது இந்த அழிவையும் தென்னாட்டு ஏரிகளையும் விரிவாக எடுத்துச் சொன்னார். படுகைக்காரன் எவனும் அங்கே இல்லை.

1782 பிப்ரவரியில் காற்று மாறியது. தோர்வ் நோயில் இறக்க, தலைமை சுஃப்ரேன் கைக்கு வந்தது. தெற்குப் பிரான்சின் புரோவான்சைச் சேர்ந்த இவர், முன்னவர்களைப் போலக் கப்பலைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பும் ஆள் அல்ல. பிப்ரவரி 17-இல் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே ஹியூசோடு முதல் மோதல். அதே நாட்களில் கொள்ளிடக் கரைப் பக்கம் அன்னகுடியில், ஆங்கிலத் தளபதி பிரெய்த்வெயிட்டின் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் கொண்ட படையைத் திப்புவும், அவரோடு இருந்த பிரெஞ்சு அதிகாரி லாலியும் சூழ்ந்து பிடித்தார்கள். மார்ச்சில் துஷ்மேன் தலைமையில் பிரெஞ்சுக் காலாட்படை பரங்கிப்பேட்டையில் இறங்கியது. ஏப்ரலில் கடலூர் கூட்டணியின் கைக்கு வந்தது. ஓராண்டுக்கு முன் இவை எல்லாம் சேர்ந்து வந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சுஃப்ரேனுக்குத் தேவைப்பட்டது துறைமுகம். நாகப்பட்டினத்தை மீட்பது ஒரு வழி. 1782 ஜூலை 5 பிற்பகல், நாகப்பட்டினத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஹியூசின் கப்பல்கள் கண்ணில் பட்டன. திடீர்ச் சூறைக்காற்றில் ‘அஜாக்சு’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரங்கள் முறிந்தன. பன்னிரண்டில் ஒன்று விலக, மறுநாள் பதினொன்றுக்குப் பதினொன்று. ஜூலை 6 முற்பகல் சண்டை தொடங்கியது. நண்பகலுக்குப் பிறகு காற்றின் திசை சட்டென்று மாற, இரு வரிசைகளும் கலைந்தன. இந்தக் கரையில் ஆடி நெருங்கும் நாட்களில், காலையில் தரையிலிருந்து அடிக்கும் மேற்குக் காற்றை நடுப்பகலில் கடற்காற்று தள்ளிவிடும். இந்தக் கரையின் பட்டினச்சேரி மீனவர்களுக்கு அது அன்றாடம். இரு கப்பற்படைத் தலைவர்களுக்கும் அது போரின் முடிவை மாற்றிய நிகழ்வு. ‘செவேர்’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் தனித்து மாட்டிக்கொண்டு கொடியை இறக்கினார். அவருக்குக் கீழிருந்த அதிகாரிகள் சரணடைய மறுத்துச் சுடுவதைத் தொடர்ந்தார்கள். கொடி மீண்டும் ஏறியது.

பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் இறந்தார்கள், 601 பேர் காயம். ஆங்கிலேயரில் 77 இறப்பு, 233 காயம். அன்று மாலை ஹியூசு நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே நங்கூரமிட்டார். சுஃப்ரேன் நங்கூரமிட்டது காரைக்காலுக்கு எதிரே. நான்காண்டுகளாக ஆங்கிலேயர் வசமிருந்த பிரெஞ்சு ஊருக்கு நேராக, அடிபட்ட பிரெஞ்சுக் கப்பல்கள் ஒரு கோடை இரவு முழுதும் நின்றன. மறுநாள் கடலூருக்குப் போய்விட்டன. கணக்கில் தோற்றவர் சுஃப்ரேன். ஆனால் ஹியூசு பழுது பார்த்துக்கொண்டு இரண்டு வாரம் நாகப்பட்டினத்திலேயே கிடந்தார். துறையே இல்லாத சுஃப்ரேன், சிறு கப்பல்களின் மரங்களைக் கழற்றிப் பெரியவற்றுக்குப் பொருத்தி, முன்னதாகவே கடலுக்குத் திரும்பினார். ஆகஸ்டு முடியும்போது திருகோணமலையைப் பிடித்துவிட்டார்.

அதற்கு முன், ஜூலைக் கடைசியில், ஹைதர் தம் படையை நகர்த்திக் கடலூர்ப் பக்கம் வந்து சுஃப்ரேனைச் சந்தித்தார். நிலத்தில் எந்தத் தோல்வியும் ஆங்கிலேயரை முடிக்கவில்லை, கடல் வழியாக அவர்களுக்கு மீண்டும் மீண்டும் ஆளும் சோறும் வருகின்றன என்பதை இரண்டாண்டுப் போரில் ஹைதர் கற்றிருந்தார். அவர்களுடைய நிலத்து வளத்தை அழிக்கலாம், கடலை வற்றச் செய்ய இயலாது என்று அவர் சொன்னதாக மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்ஸ் பதிந்திருக்கிறார். கடலில் தம்மைப் போலவே விடாப்பிடியான ஒருவர் கிடைத்தது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் தரையில் இருந்த துஷ்மேன் போரைத் தவிர்த்துக்கொண்டே இருந்தார். பெரிய தளபதி புஸ்ஸி வரட்டும் என்றார். புஸ்ஸி வந்தது 1783 மார்ச்சில். ஹைதர் 1782 டிசம்பர் 7 அன்றே சித்தூர்ப் பக்கம் தம் பாசறையில் இறந்துபோயிருந்தார். கூட்டணியின் இரு கைகளும் சேர வேண்டிய நேரத்தில் ஒரு கை இல்லை. திப்பு மேற்குக் கரைக்குப் போயிருந்தார்.

எனினும் 1783 ஜூன் 20 அன்று, கடலூருக்கு எதிரே, பதினைந்து கப்பல்களை வைத்துக்கொண்டு ஹியூசின் பதினெட்டைச் சுஃப்ரேன் விரட்டினார். ஹியூசு சென்னைக்குத் திரும்பினார். கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட்டின் படை, 1781-இல் கூட் இருந்த அதே நிலைக்கு வந்தது. இம்முறை பிரெஞ்சுக் கப்பல்கள் போகவில்லை. ஒன்பது நாள் கழித்து, ஜூன் 29-இல், ‘மெடியா’ என்ற ஆங்கிலக் கப்பல் வெள்ளைக் கொடியோடு வந்தது. ஐரோப்பாவில் ஜனவரி 20-ஆம் தேதியே முதல்கட்ட சமாதானம் கையெழுத்தாகிவிட்டது என்ற செய்தியைக் கொண்டுவந்தது. ஐந்து மாதத்துக்கும் மேலாக இல்லாத ஒரு போருக்காகக் கடலூர்க் கரையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

சமாதானம் வந்ததும் புஸ்ஸி, மங்களூரை முற்றுகையிட்டிருந்த திப்புவோடு இருந்த பிரெஞ்சு வீரர்களைத் திரும்ப அழைத்தார். திப்புவைக் கேட்டுச் செய்த சமாதானம் அல்ல இது. அவர் தனியே போரிட்டு, 1784 மார்ச்சில் மங்களூரில் தனியே உடன்படிக்கை செய்துகொண்டார். டச்சுக்காரர் திருகோணமலையைத் திரும்பப் பெற்றார்கள், நாகப்பட்டினத்தை இழந்தார்கள். அமெரிக்கருக்கு நாடு கிடைத்தது. பிரான்சுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும், சுற்றுப்புற ஊர்களும். யார்க்டவுனில் வென்ற கூட்டணிதான் காரைக்காலை மீட்டது. சுஃப்ரேன் இந்தக் கடலில் ஆங்கிலேயரைச் சளைக்க வைத்தது அந்தக் கோரிக்கைக்கு வலுச் சேர்த்தது. நான்கு மாகாணங்கள் தஞ்சை மன்னரின் நிலத்தில் இருந்தன. பிரிட்டன் அவற்றைப் பெற்றுத் தருவதாக வாக்களித்தபோது, துளஜா வெர்சாயில் இல்லை. அவருடைய தூதர் எவரும் இல்லை. போர் முழுவதும் அவர் ஆங்கிலேயரின் கூட்டாளி.

1785-இல் பிரெஞ்சுக் கொடி திரும்பி ஏறியது. 1793-இல் மறுபடி இறங்கியது. நெப்போலியப் போர்கள் முடிந்து 1817-இல் மறுபடி ஏறியது. 1954 நவம்பர் 1 அன்று கடைசியாக இறங்கியது. இடையில் இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பரில், ஆளுநர் போன்வேன் பிரெஞ்சிந்தியாவை த கோலின் சுதந்திரப் பிரான்சோடு சேர்த்து நேசநாடுகளின் பக்கம் நிறுத்தினார். அது தனியே எழுத வேண்டிய கதை.

1783-இல் அந்தப் போர் நின்ற பிறகும் தஞ்சைக் குடியானவர்கள் உடனே வயலுக்குத் திரும்பவில்லை. வரிக் கொடுமை தாங்காமல் அறுபத்தையாயிரம் பேர் சீமையை விட்டுப் போயிருந்ததாகச் சுவார்ட்ஸ் குறிக்கிறார். மன்னரின் வாக்கை அவர்கள் நம்பவில்லை; ஆங்கிலேயரின் வாக்கையும் நம்பவில்லை. விளைச்சலில் அவர்கள் பங்கு அவர்களுக்கே சேரும் என்று சுவார்ட்ஸ் பொறுப்பேற்ற பின் ஒரே நாளில் ஏழாயிரம் பேர் வந்தார்கள், பிறகு மற்றவர்களும். ஆனியில் தொடங்க வேண்டிய உழவை அந்த ஆண்டு ஆவணி முடியும் நேரத்தில் தொடங்கி, இரவும் பகலுமாக உழைத்து நட்டார்கள். முந்தைய ஆண்டைவிட அதிகம் விளைந்தது.